தட்டையான பாதை திரும்பி வரும்போது ஏன் மேடாகிறது?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். சிங்கப்பூரின் பிடோக்கில் வீடு, வயது 43, மார்ச் மாதம் வாங்கிய ரோட் பைக், அதாவது சாலையில் வேகமாக ஓட்டும் சைக்கிள். ஞாயிறு காலை ஏழரைக்குக் கிளம்பி, ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்குள் இறங்கி, தானா மேரா கோஸ்ட் ரோடு வழியாகச் சாங்கி வில்லேஜ் வரை போய், ஏதாவது சாப்பிட்டுவிட்டு அதே வழியில் திரும்புகிறீர்கள். போக வர 40 கிலோமீட்டர். போகும்போது மணிக்கு 27 கிலோமீட்டர் வேகம் தானாக வருகிறது, திரும்பும்போது 18-க்கே நாக்குத் தள்ளுகிறது. சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போகிறது, முட்டியின் முன்பக்கம் வலிக்கிறது. சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை ஓட்டும் மச்சான், “சிங்கப்பூர்ல மேடே கிடையாது, அதுக்கே இப்படியா?” என்று சிரிக்கிறார். எந்தச் சக்கரம் மாற்றலாம், என்ன பயிற்சி செய்யலாம் என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அதுவல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. மேடில்லாத பாதையில் எனக்கு ஏன் இவ்வளவு களைப்பு, என் உடம்பில் ஏதாவது கோளாறா, இதுதானே கேள்வி? அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விமானப் பராமரிப்பில் 26 வருடம் வேலை பார்த்தவன், சைக்கிள் ஓட்டுவது 17 வருடமாக. காற்று, துரு, உலோகம் பற்றிச் சொல்வதைத் தைரியமாகச் சொல்வேன், அது என் தொழில். முட்டி, நரம்பு பற்றிச் சொல்வது பட்டறிவு மட்டும். நான் மருத்துவன் இல்லை, நீங்கள் சைக்கிளில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் இல்லை.

நீங்கள் போகும் பாதையில் தானா மேரா கோஸ்ட் ரோடு வருகிறதே, அது விமான நிலையத்தின் ஓடுபாதையை ஒட்டியே நீளமாகப் போகிறது. சாங்கியின் ஓடுபாதைகளுக்கு 02, 20 என்று எண் கொடுத்திருப்பார்கள். 02 என்றால் திசைகாட்டியில் 20 பாகை, அதாவது வடக்கிலிருந்து சற்றுக் கிழக்கே சாய்ந்த திசை. 20 என்றால் அதற்கு நேர் எதிரான 200 பாகை. ஓடுபாதையை யாரும் சும்மா ஒரு பக்கமாகப் போடுவதில்லை. விமானம் எதிர்காற்றில்தான் ஏற வேண்டும், எதிர்காற்றில்தான் இறங்க வேண்டும் என்பதால், அந்த ஊரில் வருடம் முழுக்க எந்தத் திசையில் காற்று அதிகம் வீசுகிறதோ அந்தத் திசையைப் பார்த்தே போடுவார்கள். சிங்கப்பூரில் டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, ஆனால் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், நம் தீவுக்கு வந்து சேரும்போது அது பெரும்பாலும் தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும்தான் வீசும். ஆக, ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே இணையாக ஒரு சாலை போட்டால் என்ன ஆகும்? அந்தச் சாலையில் காற்று பக்கவாட்டில் வருவது குறைவு. பெரும்பாலும் ஒன்று முதுகில் தள்ளும், இல்லாவிட்டால் முகத்தில் அறையும்.

நீங்கள் எழுதியிருப்பது ஜூலை மாதத்தில். தெற்கிலிருந்து காற்று. வடக்கே சாங்கிக்குப் போகும்போது முதுகுக்காற்று, திரும்பும்போது எதிர்காற்று. உங்கள் 27-க்கும் 18-க்கும் இடையே இருக்கும் வித்தியாசத்தில் பெரும்பங்கு இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சந்தேகம் இருந்தால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ, நிமிர்ந்த மாதிரி உட்கார்ந்து ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காற்றே இல்லாத நாளில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போக ஏறத்தாழ 95 வாட் போதும். முதுகில் 12 கிலோமீட்டர் வேகக் காற்று இருந்தால் அதே 25-க்கு 45 வாட். இது கிட்டத்தட்டக் கடைத்தெருவுக்குப் போய்வரும் உழைப்பு. அதே காற்று முகத்தில் அடித்தால் 175 வாட்டுக்கு மேல் வேண்டும். சைக்கிள் ஒன்று, வேகம் ஒன்று, ஆனால் உழைப்பு நான்கு மடங்கு. காரணம் எளிது. டயர் தரையில் உருள்வதால் வரும் தடை எப்போதும் ஏறத்தாழ ஒரே அளவுதான். காற்றுத் தடை அப்படி இல்லை, உங்கள் மேல் மோதும் காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்காகும். 25-இல் போகிறவர்மேல் 12 கிலோமீட்டர் எதிர்காற்று என்றால் மோதுவது 37 கிலோமீட்டர் காற்று.

இதை மேட்டுக் கணக்காகவும் மாற்றலாம், மச்சானிடம் சொல்ல உதவும். அந்த எதிர்காற்று கூடுதலாகத் தரும் தடை, 100 மீட்டர் போவதற்குள் ஒன்றரை மீட்டர் ஏறும் சரிவுக்குச் சமம். கண்ணுக்குத் தெரியாத சரிவுதான். ஆனால் எட்டு கிலோமீட்டர் அப்படிப் போனால் 120 மீட்டர் ஏறின கணக்கு. சிங்கப்பூரின் மிக உயரமான புக்கிட் தீமா குன்றின் உச்சியே கடல்மட்டத்திலிருந்து 164 மீட்டர்தான். மச்சான் சொன்ன ‘மேடே கிடையாத’ ஊரில், நீங்கள் களைத்த காலோடு குன்றில் முக்கால் பங்கு ஏறிவிட்டு வீட்டுக்கு வருகிறீர்கள்.

இன்னொன்று, போகும்போது கிடைத்த லாபம் வரும்போது ஏற்படும் நட்டத்தை ஈடுகட்டாது. உதாரணமாக, 15 கிலோமீட்டரை 30 வேகத்தில் போனால் அரை மணி நேரம். அதையே 18-இல் திரும்பினால் 50 நிமிடம். மொத்தம் 80 நிமிடம். காற்றில்லாமல் இரண்டு பக்கமும் 24-இல் போயிருந்தால் 75 நிமிடத்தில் முடிந்திருக்கும். எதிர்காற்றில் மெதுவாகப் போவதால் எதிர்காற்றுக்குள் இருக்கும் நேரமும் கூடுகிறது. இந்த வரவு செலவில் சைக்கிள்காரன் ஜெயிக்கவே முடியாது.

மச்சான் ஓட்டும் சாலையும் தட்டைதான், கடலோரம்தான். ஆனால் அது பெரும்பாலும் வடக்கு தெற்காகப் போகிறது, வங்கக் கடல் கிழக்கே இருக்கிறது. கடற்காற்று அவருக்குப் பக்கவாட்டில் வரும். தொல்லைதான், ஆனால் போகும்போதும் வரும்போதும் ஏறக்குறைய ஒரே அளவுத் தொல்லை. ஆகவே உங்கள் இருவரின் சராசரி வேகத்தை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. அவரைவிட நீங்கள் பலசாலி என்று நான் சொல்லவில்லை, அதற்கு என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. ஒப்பிட முடியாது என்று மட்டும் சொல்கிறேன்.

நானும் இதை அடிபட்டுத்தான் கற்றேன். சைக்கிள் வாங்கிய புதிதில், இதே மாதிரி ஒரு ஜூலைக் காலையில் சாங்கி வரை 33 வேகத்தில் போனேன். எனக்குள் ஒரு பந்தய வீரன் ஒளிந்திருக்கிறான் என்று மனதுக்குள் ஒரே கொண்டாட்டம். உணவங்காடி நிலையத்தில் இரண்டு தட்டு நாசி லெமாக் எனும் தேங்காய்ப்பால் சோறு, ஒரு தே தாரே எனும் ஆற்றிய பால் தேநீர். பத்து மணிக்குத் திரும்பக் கிளம்பினேன். பாதி வழியில் ஒரு பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்துவிட்டேன், எழுந்திருக்க முடியவில்லை. மடக்கு சைக்கிள் என்றால் ரயிலில் ஏற்றலாம், ரோட் பைக்கை ஏற்ற முடியாது. மனைவி தன் அண்ணனின் வேனை வாங்கிக்கொண்டு வந்தார். வேனில் யாரும் ஒன்றும் பேசவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. எத்தனையோ வருடம் ஓடுபாதை ஓரத்தில் காற்றின் திசை காட்டும் துணிக் காற்றுப் பையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தவனுக்கு, அதே காற்று தன் சைக்கிளுக்கும் உண்டு என்று அன்றுதான் உறைத்தது.

அந்தக் காற்றுப் பை உங்களுக்குத் தெரியாது, ஆனால் விமானம் தெரியும். பூங்காவுக்குள் இறங்கியதும் வானத்தைப் பாருங்கள். கடல் பக்கமிருந்து வடக்கு நோக்கி விமானங்கள் தாழ்ந்து வந்து இறங்கினால் காற்று வடக்கிலிருந்து வருகிறது என்று பொருள், சாங்கிக்குப் போகும்போது கஷ்டம், திரும்பும்போது சுகம். மாறாக, விமானங்கள் சாங்கியிலிருந்து கிளம்பித் தெற்கே கடலுக்கு மேல் ஏறிப் போனால் காற்று தெற்கிலிருந்து வருகிறது, போகும்போது சுகம், திரும்பும்போது தண்டனை. ஒரு எச்சரிக்கை மட்டும். காற்று மிக மெலிதாக இருக்கும் விடியற்காலையில் இதை முழுதாக நம்ப வேண்டாம். காற்று இலேசாகத் திசை மாறிய உடனே ஓடுபாதையின் திசையை மாற்றிவிட மாட்டார்கள். ஒன்பது மணிக்கு மேல் இந்தக் குறி பெரும்பாலும் பொய்க்காது.

வானிலை நிலையம் சொல்லும் காற்று வேகம் தரையிலிருந்து பத்து மீட்டர் உயரத்தில் அளப்பது. நம் உயரத்தில் அது கொஞ்சம் குறையும். பூங்காவுக்குள் மரங்கள் இருப்பதால் இன்னும் குறையும். ஓடுபாதைப் பக்கம் போனதும்தான் வித்தியாசம் தெரியும். அங்கே உயரமான கட்டடமோ மரமோ வைக்க விடமாட்டார்கள், விமானத்துக்கு ஆபத்து. நமக்கு ஒதுங்க ஒரு மறைப்பும் கிடையாது. தென்றலைப் பாடாத புலவர் கிடையாது. அவர்களில் ஒருவரையாவது ஆகஸ்டு மாதம் பத்து மணிக்கு அந்தச் சாலையில் சைக்கிளில் ஏற்றிப் பார்க்க வேண்டும்.

நேரமும் சேர்ந்துகொள்கிறது. வெயில் ஏற ஏற நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகி, கடற்காற்று எழும். நம் தென்கிழக்குக் கரையில் அது தெற்கிலிருந்து வரும் பருவக்காற்றோடு கைகோத்துக்கொள்ளும். நீங்கள் ஏழரைக்குக் கிளம்பும்போது காற்று அரைத்தூக்கம். நீங்கள் சாப்பிட்டு முடித்துத் திரும்பும் ஒன்பதரை, பத்துக்கு நன்றாக விழித்திருக்கும். இங்கே சூரியன் வருடம் முழுக்க ஏழு மணியை ஒட்டித்தான் உதிக்கிறது, அதனால் ஆறு மணிக்குக் கிளம்பினால் இருட்டு. முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். ஆனால் எட்டரைக்குள் வீட்டில் இருக்கலாம். எனக்குத் தெரிந்து இதைவிட மலிவான வேக முன்னேற்றம் கிடையாது.

வெப்பம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கதையில் அதற்கும் பங்கு உண்டு. முதுகுக்காற்றில் போகும்போது உங்கள் மேல் படும் காற்று மிகக் குறைவு, 25-இல் போனால் 13 கிலோமீட்டர் காற்றுதான் உடலில் படும். வியர்வை காயாது, வழியும். காயாத வியர்வை உடலைக் குளிர்விக்காது. ஓட்டுவது சுலபமாக இருப்பதால் தண்ணீர் குடிக்கவும் தோன்றாது. அப்படியே நீர் குறைந்த உடம்போடு எதிர்காற்றுக்குத் திரும்புகிறீர்கள். உங்களுக்கு எவ்வளவு வியர்க்கிறது என்பதை நானோ வேறு யாருமோ சொல்ல முடியாது, ஆளுக்கு ஆள் மாறும். நீங்களே அளக்கலாம். கிளம்பும் முன் ஒரு முறை, வந்து துடைத்துக்கொண்டு ஒரு முறை எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர், வழியில் குடித்ததையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். எனக்கு மணிக்கு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேல். அதற்காக வெறும் தண்ணீரை வயிறு முட்டக் குடிப்பதும் தவறு, இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். ஒரு புட்டியில் தண்ணீர், இன்னொன்றில் ஒரு சிட்டிகை உப்பும் எலுமிச்சையும் கொஞ்சம் சீனியும். கடையில் விற்கும் விளையாட்டு பானம் இதைவிடச் சிறந்தது என்று நான் நினைக்கவில்லை, வசதியானது மட்டும்தான். 40 கிலோமீட்டருக்கு வழியில் பெரிய சாப்பாடு தேவையில்லை, ஒரு வாழைப்பழம் போதும். நாசி லெமாக்கை விட்டுவிடச் சொல்லவில்லை. தேங்காய்ப்பால் சோறு வயிற்றில் இருக்கும்போது எதிர்காற்றில் மிதிப்பது என்ன சுகம் என்பதை ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

சரி, விரலுக்கும் முட்டிக்கும் வருகிறேன். இங்கிருந்து என் உறுதி குறைகிறது, கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டையான பாதைக்கு ஒரு தனிக் கொடுமை உண்டு. மலைப்பாதையில் ஏறும்போது நிமிர்வீர்கள், எழுந்து நின்று மிதிப்பீர்கள், இறக்கத்தில் கால் ஓயும். உடம்பு பத்து வகையாக இடம் மாறும். இங்கே அப்படி எதுவும் இல்லை. கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் ஒரே இருக்கை, ஒரே பிடி. நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தாலும் ஒவ்வொரு முட்டியும் ஒன்பதாயிரம் முறை ஒரே கோணத்தில் மடங்கி நிமிர்கிறது. சீட் ஒரு சென்டிமீட்டர் தவறாக இருந்தால் அந்தத் தவறையும் ஒன்பதாயிரம் முறை செய்கிறீர்கள். ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா இப்படிப் பலகை மாதிரி இருப்பதற்குக் காரணமே அது இயற்கையான நிலம் இல்லை என்பதுதான். 1966-இல் தொடங்கி, கிழக்கே இருந்த குன்றுகளை வெட்டி அந்த மண்ணைக் கடலில் கொட்டி நிரப்பிய நிலம் அது. உங்கள் பிடோக் பக்கத்துக் குன்றுகளும் அதில் போனவைதான். நமக்கு வேண்டிய மேட்டையெல்லாம் ஏற்கெனவே கடலுக்குள் போட்டுவிட்டார்கள்.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போவது பெரும்பாலும் உள்ளங்கையின் வெளிப்பக்கம் ஓடும் நரம்பு ஹேண்டில்பாரில் நசுங்குவதால். சைக்கிள்காரர்களுக்கு மிகச் சாதாரணமாக வருவது. முதலில் சீட்டின் மூக்கைப் பாருங்கள். அது கீழே சரிந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கும், எடை முழுவதும் கையில் இறங்கும். சீட்டை மட்டமாக வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பிடியை மாற்றுங்கள், மேலே, வளைவில், பிரேக்கின் மேல் என்று. ஒவ்வொரு இரண்டு கிலோமீட்டருக்கும் இருபது எண்ணும்வரை எழுந்து நின்று மிதியுங்கள், கைக்கும் நல்லது, உட்காரும் இடத்துக்கும் நல்லது. டயரில் எவ்வளவு காற்று அடிக்கிறீர்கள் என்று எழுதவில்லை. டயரின் பக்கத்தில் அச்சிட்டிருப்பது உச்ச வரம்பு, அந்த அளவு அடிக்க வேண்டும் என்று அர்த்தம் இல்லை. கல் மாதிரி அடித்தால் ஒவ்வொரு அதிர்வும் மணிக்கட்டுக்கு வந்து சேரும். என் எடை 72 கிலோ, 28 மில்லிமீட்டர் டயர். காற்றழுத்தம் பின்னால் 72, முன்னால் 68 பிஎஸ்ஐ வைக்கிறேன். உங்கள் எடைக்குக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் மறுநாள் காலை வரை மரமரப்பு நீடித்தாலோ, கையின் பிடி தளர்ந்தாலோ, சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டுப் பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். இணையத்தில் இன்னொரு கேள்வி போட வேண்டாம்.

முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கிறது அல்லது கியர் கனமாக இருக்கிறது, பின்பக்கம் வலித்தால் சீட் உயரம் என்பது பழைய சைக்கிள்காரர்கள் சொல்லும் விதி. பலருக்குப் பலிக்கும், எல்லோருக்கும் பலிக்காது. குதிகாலைப் பெடலின் மேல் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும் என்பது சீட் உயரத்துக்கு ஒரு நல்ல தொடக்கப் புள்ளி. கால் நீளத்தை 0.883-ஆல் பெருக்கும் சூத்திரமும் உலவுகிறது. அது செருப்பின் கனத்தையோ பெடலின் உயரத்தையோ கணக்கில் எடுக்காது, ஆகவே மூன்றாவது தசமம் வரை நம்புவதில் பொருளில்லை. ஆனால் உங்கள் விஷயத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது கியரைத்தான். முதுகுக்காற்றில் கனமான கியரில் போய்ப் பழகிவிட்டு, திரும்பும்போதும் அதையே பிடித்துக்கொண்டு நிமிடத்துக்கு 55, 60 சுற்றில் நெம்புகிறீர்கள் என்று நினைக்கிறேன். எதிர்காற்று என்பது மேடு. மேட்டுக்குக் கியரைக் குறைப்பது போலவே குறையுங்கள், 80-க்கு மேல் சுற்றுங்கள், வேகத்தைப் பார்க்காதீர்கள். முடிந்தால் எதிர்காற்று அடிக்கும் தூரம் முழுக்க வேகம் காட்டும் திரையை மூடியே வையுங்கள். பார்த்தால் கோபம் வரும், கோபம் வந்தால் நெம்புவீர்கள்.

சக்கரம் வாங்குவது பற்றி. விளிம்பு உயரமான கார்பன் சக்கரம் வேகம் தரும் என்பது உண்மைதான். ஆனால் பூங்காப் பகுதியில் ஜூலைக் காற்று பக்கவாட்டில் வரும், முன்சக்கரத்தைப் பாய்மரம் மாதிரி பிடித்துத் தள்ளும். நான்கு மாதம் ஓட்டியவருக்கு அது வேண்டாம். அந்தக் காசில் ஒரு நல்ல ஹேண்டில்பார் சுற்றுநாடாவும் செயின் எண்ணெயும் வாங்கி, மிச்சத்தைப் பத்திரமாக வையுங்கள். முழங்கையை மடக்கித் தலையைக் கொஞ்சம் தாழ்த்தினாலே காற்றுத் தடை கணிசமாகக் குறையும், அதற்கு ஒரு வெள்ளியும் செலவில்லை.

செயின் என்றதும் தொழில் புத்தி வருகிறது. கடலோரத்தில் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் உப்புக்காற்றைத் திட்டுவார்கள். நான் பார்த்தவரை சைக்கிளை அதிகம் அரிப்பது கடல் இல்லை, நம் வியர்வை. அது நேராக ஹேண்டில்பாரைப் பிடிக்கும் தண்டின் திருகுகளில் சொட்டுகிறது, சுற்றுநாடாவுக்கு அடியில் ஊறுகிறது. எஃகுத் திருகு, அலுமினியத் தண்டு, நடுவில் உப்புநீர் என்றால் அது ஒரு சின்ன மின்கலம், அலுமினியம் மெல்ல மெல்ல வெண்பொடியாகும். கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் இன்னும் மோசம். அலுமினியச் சட்டத்தில் கார்பன் சீட்டுத் தண்டு ஒட்டிப்போய் அறுத்தெடுத்ததைப் பார்த்திருக்கிறேன். என் சொந்தச் சைக்கிளில் ஒரு திருகின் தலை இறுக்கும்போதே உடைந்து கையில் வந்தது. ஓடும்போது உடையாதது அதிர்ஷ்டம். விமானத்தில் துருவைத் தேடித்தேடிப் பார்த்துச் சம்பளம் வாங்கினவன், சைக்கிளில் இரண்டு வருடம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் குழாய்த் தண்ணீரை மெதுவாக ஊற்றித் துடையுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் சுழலும் பாகங்களின் தாங்கிகளுக்குள் (பேரிங்) தண்ணீர் போய்விடும். காய்ந்ததும் செயினுக்கு எண்ணெய். ஆறு மாதத்துக்கு ஒரு முறை சீட்டுத் தண்டை வெளியே எடுத்துத் துடைத்துப் போடுங்கள், கார்பன் இருந்தால் அதற்கென்று விற்கும் கார்பன் பேஸ்ட்டைப் பூசிப் போடுங்கள், ஒட்டும் பசை அல்ல.

அப்புறம், உங்கள் 27 கிலோமீட்டர். அது சாலையில் என்றால் சரி. பூங்கா இணைப்புப் பாதையிலோ சைக்கிள் பாதையிலோ என்றால் வரம்பு 25, நடைபாதையில் 10. ஈஸ்ட் கோஸ்டில் ஞாயிறு காலை எட்டு மணிக்கு மேல் 25-கூட அதிகம்தான். இரண்டு சக்கரம் பழகும் குழந்தை எந்தப் பக்கம் திரும்பும் என்று அந்தக் குழந்தைக்கே தெரியாது. சாலையில் ஓட்டினால் தலைக்கவசம் கட்டாயம். தானா மேரா பக்கம் கனரக லாரிகள் உண்டு, சாங்கி விமான நிலையத்தின் ஐந்தாம் முனையக் கட்டுமானம் 2025-இல் தொடங்கியபின் அவை குறையப்போவதில்லை. ஞாயிறு விடியற்காலை மட்டும் ஓரளவு அமைதி. குழுவோடு போனால் முன்னால் போகிறவரின் மறைவில் கால் பங்குக்கு மேல் உழைப்பு மிச்சமாகும், எதிர்காற்றுக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. ஆனால் ஒரு குழுவில் ஐந்து சைக்கிள் நீளத்துக்கு மேல் போகக் கூடாது என்பது 2022 ஜனவரி முதல் விதி. இருவர் இருவராகப் போனால் பத்துப் பேர், ஒருவர் பின் ஒருவராகப் போனால் ஐந்து பேர். இருவர் இணையாகப் போவதும் ஒரே திசையில் இரண்டு தடமாவது உள்ள சாலையில்தான். முன்சக்கரத்துக்கும் அடுத்தவரின் பின்சக்கரத்துக்கும் ஒரு முழம் இடைவெளியில் ஓட்டுவது பழக வேண்டிய வித்தை. இப்போதைக்கு மூன்று மீட்டர் தள்ளியே வாருங்கள், கொஞ்சம் மறைவு அங்கும் கிடைக்கும்.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மேற்கே சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் வரிசையாக இடிமழை வரும். அதற்கு முன்னால் ஓடிவரும் காற்று சைக்கிளையே சாய்க்கும் அளவுக்கு இருக்கும். கிளம்பும் முன் மழை ரேடார் படத்தில் மேற்குப் பக்கம் சிவப்புக் கோடு தெரிந்தால் மறுபடியும் படுத்துத் தூங்குங்கள். ஓடுபாதை ஓரத்தில், சுற்றிலும் உயரமான பொருள் எதுவும் இல்லாத இடத்தில், மின்னலுக்கு நீங்கள்தான் உயரமான பொருள்.

இனி அடுத்த ஞாயிறு. எதிர்காற்றில் தொடங்கி முதுகுக்காற்றில் முடிப்பதுதான் சைக்கிள்காரர்களின் பழைய தந்திரம். ஜூலையில் பிடோக்கிலிருந்து கிளம்பி அதைச் செய்ய முடியாது, காற்று உங்களை முதலிலேயே தள்ளிக்கொண்டு போய்விடும். ஆனால் அதே வழியில் திரும்பித்தான் ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லையே. கடலோரமாகச் சாங்கி வரை போங்கள், அங்கிருந்து லோயாங், பாசிர் ரிஸ், தெம்பனிஸ், பிடோக் நீர்த்தேக்கம் என்று இணைப்புப் பாதைகளைப் பிடித்து உள்ளே வழியாக வீட்டுக்கு வாருங்கள். கிழக்கு வட்டம் முழுவதும் சுமார் 42 கிலோமீட்டர், நீங்கள் இப்போது ஓட்டும் தூரம்தான். சாலை கடக்கும் இடங்கள் அதிகம், ஒவ்வொன்றிலும் நின்று பார்த்துத்தான் கடக்க வேண்டும், வேகம் வராது. ஆனால் இரண்டு பக்கமும் அடுக்குமாடிகள், காற்று உங்களைத் தொடவே முடியாது. முட்டிக்கும் நடுநடுவே ஓய்வு கிடைக்கும். மூன்று வாரம் இப்படி ஓட்டிவிட்டு வலி எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். அப்போதும் அதே அளவு வலித்தால் நான் மேலே சொன்னதில் பாதி தவறு என்று ஒப்புக்கொள்கிறேன்.

டிசம்பரில் வட்டத்தைத் திருப்பிப் போடுங்கள். தெம்பனிஸ் வழியாக ஒதுங்கி ஒதுங்கிச் சாங்கிக்குப் போய், ஓடுபாதை ஓரமாகத் தெற்கே திரும்பினால் வாடைக்காற்று வீடுவரை தள்ளிக்கொண்டு வந்துவிடும். மச்சானைச் சிங்கப்பூருக்குக் கூப்பிடுவதாக இருந்தால் மட்டும் ஜூலையில் கூப்பிடுங்கள். காலை எட்டரைக்குக் கடலோரமாகச் சாங்கிக்குக் கூட்டிப் போங்கள், இரண்டு தட்டு நாசி லெமாக் வாங்கிக் கொடுங்கள், பத்து மணிக்கு அதே வழியில் திரும்பலாம் என்று சொல்லுங்கள். காற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டாம்.